குடத்துக்கு ஒரு மாத்திரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் தவசிமுத்துவை முகம் பார்த்து அடையாளம் சொல்கிறவர்கள் குறைவு. குரலைக் கேட்டால் ஊரே சொல்லிவிடும். போலியோ சொட்டு மருந்தோ, கொசு ஒழிப்போ, நாய்க்கடித் தடுப்பூசியோ, எது வந்தாலும் ஆட்டோவின் தலையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து "அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு" என்று கிளம்பி வருவது அவருடைய குரல்தான். சுகாதாரத் துறையில் அறிவிப்பு, நோட்டீஸ், விளம்பர வேலையெல்லாம் அவர் பொறுப்பு. கணீரென்று, ழகரம் ளகரம் பிசகாமல் பேசுவார். கடைக்குப் போய் அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டால்கூடக் கடைக்காரர் நிமிர்ந்து, "நீங்கதான அந்த அறிவிப்பு சார்?" என்பார். அந்தக் கேள்விக்காகவே வீட்டுக்குச் சாமான் வாங்கும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவர் மனைவி கிருபாபாய் இராஜபாளையத்தில் செவிலியர். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், பேண்டேஜ் துணிப் பட்டறைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். கட்டைக் குரல். சபையில் ஜெபம் பண்ணச் சொன்னால் இரண்டு வரியில் ஆமென் சொல்லி உட்கார்ந்துவிடுவாள். "அறிவிப்பு சார் வீட்டம்மா" என்றுதான் அவளை நாலு பேருக்கு அறிமுகப்படுத்துவார்கள். இத்தனை வருஷத்தில் அந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்குமே குறையிருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் கோடை மழை ஓய்ந்த கையோடு கிருபாபாயின் தெருக்களில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் பட்டறையில் நூல் சுற்றும் பெண்கள் சிலர், பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கண் மஞ்சளித்து, சோற்றைக் கண்டாலே குமட்டி, சுருண்டு படுத்துக்கொண்டார்கள். குழாய்த் தண்ணீரில் நாற்றம் வருகிறது என்று தெருவே பேசியது. யாரோ தண்ணீரில் மருந்து கலந்துவிட்டார்கள் என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது.

தவசிமுத்துவின் மேலதிகாரி வைகுண்டராஜ் அவரைக் கூப்பிட்டார்.

"ஜனங்க பதறிக்கிட்டு இருக்காங்க தவசிமுத்து. முதல்ல அத அடக்கணும். தண்ணி நல்லதுன்னு ஒரு அறிவிப்பு போட்டுருங்க."

"டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சா சார்?"

"வரும். வந்தா நல்லதாத்தான் இருக்கும்."

தவசிமுத்து உட்கார்ந்து எழுதினார். "குழாய் வழி வழங்கப்படும் குடிநீர் முற்றிலும் பாதுகாப்பானது. வதந்திகளை நம்பிப் பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்." அந்த 'முற்றிலும்' என்ற சொல்லை யாரும் அவரைப் போடச் சொல்லவில்லை. அது இருந்தால்தான் வாக்கியம் கம்பீரமாக நின்றது. அன்று மதியமே ராம்கியின் ஆட்டோவில் குழாயைக் கட்டி இராஜபாளையம் முழுக்கச் சுற்றவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த கிருபாபாய் கைப்பையை இறக்காமலே கேட்டாள். "ஏங்க, தண்ணி நல்லதுன்னு யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல சொல்லச் சொன்னாங்க."

"டெஸ்ட் முடிஞ்சிருச்சா?"

"அது ஒனக்கு எதுக்குட்டி? அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்கணும்."

அவள் கைப்பையை இறக்கி வைத்தாள். உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். தன் தெருப் பெண்களுக்காக அவள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தாள். தடுப்பூசி நாளை நினைவுபடுத்துவதற்கு மேல் அதில் எதுவும் வராது.

"கிருபா சிஸ்டர் பேசுதேன். தண்ணியில என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் தெரியாது. டெஸ்ட்டுக்குப் போயிருக்கு. தெரியுத வரைக்கும் நல்லாக் கொதிக்க வச்சுக் குடிங்க. நானும் எங்க வீட்டுல அப்படித்தான் பண்ணுதேன். கண்ணு மஞ்சளா இருந்தா எந்நேரம்னாலும் என்னக் கூப்பிடுங்க. நாளைக்குச் சாயங்காலம் இதே நேரத்துல, என்ன தெரிஞ்சிருக்கோ அதச் சொல்லுதேன். ஒண்ணும் தெரியலன்னா, தெரியலன்னு சொல்லுதேன்."

தவசிமுத்து செய்தித்தாளைப் பிரித்தபடி இதைக் கேட்டார். 'தெரியாது' என்று ஒரு அறிவிப்பில் சொல்லலாமா? பேச்சுக்கு நடுவே குக்கர் வேறு விசிலடித்தது. பாவம், பழக்கமில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

இரண்டு நாளில் ரிசல்ட் வந்தது. குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலந்திருந்தது. பழைய அறிவிப்பைப் பற்றி அலுவலகத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. "காய்ச்சி ஆறவைத்த நீரையே பருகவும்" என்று தவசிமுத்து புதிதாக ஒன்று எழுதிப் பேசினார். ஆட்டோ போன தெருவெல்லாம் பெண்கள் வேலையை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

ஆனால் சாயங்காலமானால் கிருபாபாயின் குரலுக்குக் காத்திருந்தார்கள். அது பட்டறைத் தெருவைத் தாண்டிப் பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று, இராஜபாளையம் முழுக்கப் போயிற்று, மில் ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் போனில் ஒலித்தது. அவளும் சொன்னபடி தினமும் பேசினாள். இன்றைக்கு எத்தனை பேர் புதிதாகப் படுத்திருக்கிறார்கள், எந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீர் வரும், எந்தத் தெருவுக்கு வராது. வராது என்பதையும் சொன்னாள். கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறவர்களை அவள் திட்டவில்லை. "அதக் குடிச்சாலும் ஆஸ்பத்திரிக்கும் வந்துருங்கம்மா" என்றாள்.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தவசிமுத்து கிளாஸை வாயில் வைத்தபோது பக்கத்தில் நின்றவரின் போனிலிருந்து தன் மனைவி பேசினாள். கடைக்காரர், "செத்த நேரம் சும்மா இருங்கப்பா, சிஸ்டர் பேசுது" என்று ரேடியோவை அணைத்தார். அங்கே நின்ற அத்தனை பேரும் டீயை ஆறவிட்டுக் கேட்டார்கள். தவசிமுத்துவுக்கு நாக்கு சுட்டது.

மறுநாள் கான்சாபுரத்திலிருந்து அவருடைய தங்கை கூப்பிட்டாள். "அண்ணே, மதினி பேசுனதக் கேட்டேன். பக்கத்துல உக்காந்து பேசுன மாதிரி இருக்கு. வத்திராயிருப்பு வரைக்கும் அம்புட்டுப் பேரும் அதத்தான் கேக்காவ." வருஷக்கணக்காக அவர் எத்தனையோ அறிவிப்புப் பேசியிருக்கிறார். ஒன்றைப் பற்றியாவது இவள் இப்படிப் போன் போட்டுச் சொன்னதுண்டா என்று யோசித்துப் பார்த்தார். இல்லை.

பிறகு பலசரக்குக் கடை. கடைக்காரர் பருப்பை நிறுத்துக்கொண்டே, "சார், நீங்க கிருபா சிஸ்டர் வீட்டுக்காரராமே! இத்தன நாளா சொல்லவே இல்ல பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சாமான் வாங்கப் போகவில்லை. கால் வலிக்கிறது என்றார்.

வீட்டில் யாருமில்லாத நேரத்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவளுடைய பதிவுகளை முதலிலிருந்து கேட்பார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்டார். மூச்சு வாங்குகிறாள், 'வந்து', 'வந்து' என்று இழுக்கிறாள், பின்னால் பஸ் ஹாரன் கேட்கிறது. இத்தனை குற்றம் இருந்தும் ஏன் கேட்கிறார்கள் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு அவளைப் போலவே பேசிப் பதிந்து பார்த்தார். "தவசிமுத்து பேசுதேன்." கேட்டால் நாடகக்காரன் வேஷம் கட்டியது மாதிரி இருந்தது. அழித்துவிட்டார்.

அவள் பாவம், ஒன்றையும் கவனிக்கவில்லை. வெயிலில் அலைந்து கறுத்து, வந்ததும் வராததுமாக அடுக்களைக்குள் நுழைவாள். ஒரு சாயங்காலம் தோசைக் கரண்டியும் கையுமாக நின்றபடி போனை அவரிடம் நீட்டினாள்.

"ஏங்க, இன்னைக்குப் பேசுனது. அனுப்புததுக்கு முன்ன ஒரு தடவ கேட்டுச் சொல்லுங்க. நீங்க கேட்டா எனக்கு ஒரு தைரியம்."

அவர் கேட்டார். நாளைக் காலையில் வீட்டுக்கு வீடு குளோரின் மாத்திரை வருகிறது, ஒரு குடத்துக்கு ஒரு மாத்திரை போட்டு அரை மணி நேரம் மூடி வைத்து எடுங்கள் என்று அதில் சொல்லியிருந்தாள். வழக்கமாக வருகிற சின்ன மாத்திரைக்கு அது சரி. ஆனால் அன்று மத்தியானம் அவருடைய அலுவலகத்தில் வந்து இறங்கிய பெட்டிகளில் இருந்தது பெரிய மாத்திரை. ஒரு டிரம் தண்ணீருக்கு ஒன்று போடுவது. பெட்டிகளை எண்ணி உள்ளே வைக்கச் சொன்னவரே அவர்தான். கிருபாபாய் அந்தப் பெட்டிகளை இன்னும் பார்க்கவில்லை.

சொல்ல ஒரு வாக்கியம் போதும். அது வாய்வரை வந்தது. அதே நேரத்தில் அவள் போனில் டொங்கு டொங்கென்று செய்திகள் வந்து விழுந்தன. 'சிஸ்டர் இன்னைக்கு இன்னும் பேசலயே', 'சிஸ்டர் காத்திருக்கோம்', 'சிஸ்டர் நல்லா இருக்கீங்களா'.

"நல்லாத்தான் இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார் தவசிமுத்து.

மாத்திரை கொடுக்கப் போகிறவர்கள் காலையில் விவரம் சொல்லிவிடுவார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு தோசை சாப்பிட்டார். வழக்கத்தைவிட ஒன்று கூடவே சாப்பிட்டார்.

மாத்திரை கொடுக்க வந்தவர்கள் விவரம் சொல்லத்தான் பார்த்தார்கள். தெருக்காரர்கள், "எல்லாம் சிஸ்டர் சொல்லிட்டாங்க, குடுத்துட்டுப் போங்க" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். குடத்துக்கு ஒன்று போட்டார்கள். தண்ணீர் மூக்கைத் துளைத்தது. மருந்தென்றால் அப்படித்தான் இருக்கும், சிஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக் குடித்தார்கள். முற்பகலுக்குள் தொண்டை எரிகிறது, வயிறு புரட்டுகிறது என்று பலர் கிளம்பிவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் விடாமல் வாந்தியெடுக்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மீதிப் பேர் குடங்களைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் பழையபடி குழாயடியில் போய் நின்றார்கள்.

அலுவலகத்தில் சேதி வந்தபோது தவசிமுத்துவின் நெஞ்சுக்குள் முதலில் எழுந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க வழியில்லை. போகட்டும், இனி தெரியும் இவளுடைய லட்சணம் என்று ஒரு கணம் குளிர்ந்தது. குழந்தைகள் என்று காதில் விழுந்த பிறகுதான் அந்தக் குளிர்ச்சி வேறு மாதிரி ஆயிற்று. இரண்டு பிள்ளைகளும் தேறிவிட்டார்கள் என்று தெரிகிற வரை அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மத்தியானமே கிருபாபாயின் பதிவு வந்துவிட்டது. அவள் அதை யாரிடமும் கேட்கக் கொடுக்கவில்லை.

"கிருபா சிஸ்டர் பேசுதேன். நேத்து நான் சொன்னது தப்பு. வந்திருக்கது பெரிய மாத்திரைன்னு நான் பாக்காமச் சொல்லிட்டேன். மாத்திரை குடுக்க வந்தவங்க மேல தப்பில்ல, என் மேலதான். ஒரு டிரம்முக்கு ஒண்ணுதான் போடணும். டிரம் இல்லாதவங்க மாத்திரையே போடாண்டாம், கொதிக்க வச்சாப் போதும். குழாய்த் தண்ணிய மட்டும் அப்படியே குடிச்சிராதீங்க. நான் இப்பத் தெருவுக்குத்தான் வாரேன். ஏசுதவங்க நேருலயே ஏசிக்கிடலாம்."

போனாள். ஏசினார்கள். நின்று வாங்கிக்கொண்டாள்.

வைகுண்டராஜ் தவசிமுத்துவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ஒங்க வீட்டம்மான்னு எனக்குத் தெரியும். ஆனா துறை பேரு கெட்டுப்போச்சு. அங்கீகாரம் இல்லாத குரல் பதிவ நம்ப வேண்டாம், அறிவிப்பு வண்டி சொல்றத மட்டும் கேளுங்கன்னு பேசிருங்க. இன்னைக்கே."

தவசிமுத்து மறுக்கவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வாக்கியத்தை எழுதும்போது அவருக்குக் கை ஓடியது. பதிந்து போடாமல் தானே ஆட்டோவில் ஏறி மைக்கைப் பிடித்தார்.

பட்டறைத் தெருவுக்குள் ஆட்டோ திரும்பியது. "அங்கீகரிக்கப்படாத குரல் பதிவுகளை..." என்று அவர் ஆரம்பித்ததும் ஒரு வீட்டுப் படியிலிருந்து மைமூன் இறங்கி வந்து ஆட்டோவுக்கு முன்னால் நின்றாள். காலையில் வாந்தியெடுத்த குழந்தைகளில் ஒன்று அவளுடைய பேரன். ராம்கி பிரேக்கை மிதித்தான்.

"யாரச் சொல்லுதீக?" என்றாள் மைமூன். "கிருபா பிள்ளையவா?"

"அவங்க சொன்ன தகவல் தப்புங்கம்மா."

"தப்புதான். எம் பேரன் குடலு வெளிய வாரமாதிரி கக்குனான். அவ வந்தப்ப வாயில வந்தபடி ஏசுனேன். கேட்டுக்கிட்டு நின்னா. பொறவு நான் சொன்னது தப்பு மாமின்னு ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளைய மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தா." மைமூன் ஒரு அடி நெருங்கி வந்தாள். "தண்ணி முற்றிலும் நல்லதுன்னு இதே வண்டியில ஒருத்தர் சொல்லிட்டுப் போனாரு. அதக் கேட்டுத்தான் எம் மகளுக்குக் காமாலை வந்துச்சு. அது தப்புன்னு என்னைக்காவது வந்து சொன்னீகளா?"

சுற்றிலும் பட்டறைகளின் வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அந்த 'முற்றிலும்' என்ற சொல்லை அவள் அப்படியே பிடித்து வைத்திருந்தாள். இந்தத் தெருவில் தன் பேச்சில் ஒட்டிக்கொண்டது இந்த ஒரு சொல்தானா என்று தவசிமுத்துவுக்குத் தோன்றியது.

கையில் மைக் இருந்தது. காகிதம் மடியில் இருந்தது. அவர் காகிதத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தண்ணி நல்லதுன்னு சொன்ன அறிவிப்பு தப்பு. அத எழுதுனதும் நாந்தான், பேசுனதும் நாந்தான். டெஸ்ட் வாரதுக்கு முன்னயே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

குரல் கணீரென்று இல்லை. மாத்திரை விஷயமும் தொண்டை வரை வந்தது. ஆனால் அதைச் சொல்ல முடியவில்லை. ராம்கி திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அன்று சாயங்காலம் அவர் போனை நோண்டிக்கொண்டே இருந்தார். தான் பேசியதை யாராவது பதிந்து அனுப்பியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு குழுவாகப் பார்த்தார். ஒருவரும் பதியவில்லை. கிருபாபாய் தப்பை ஒத்துக்கொண்ட பதிவோ இராஜபாளையத்தைக் கடந்து எங்கெங்கேயோ போய்விட்டிருந்தது. தப்புச் செய்தும் அவளுக்கே பேர் கிடைக்கிறது என்று அவருக்கு வயிறு எரிந்தது. மறுநாள் அலுவலகத்தில் வைகுண்டராஜ், காகிதத்தில் இல்லாததைப் பேசியதற்கு அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். அதைப் பற்றி அவர் வீட்டில் மூச்சுவிடவில்லை.

குழாயைச் சரிசெய்தார்கள். ஆடி முடிவதற்குள் காமாலை அடங்கியது. அடங்கியதும், இதிலிருந்து என்ன பாடம் கற்றோம் என்று பேச ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வந்தார்கள். வைகுண்டராஜே எழுந்து, "எங்க கிருபா சிஸ்டர்" என்று பெருமையாக அறிமுகம் செய்தார். தவசிமுத்து பின்னால் மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றார். சத்தம் கூட்டிக் குறைப்பது அவர் வேலை.

கிருபாபாய் பேச்சு எதுவும் தயாரித்துக்கொண்டு வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் ஜனங்கள் ஓடிப்போய்விட மாட்டார்கள், நாளைக்கு வருகிறேன் என்றால் வரவேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றாள். உட்காரப் போனவளை முன்வரிசையிலிருந்து டாக்டர் ஃபாயிஸா நிறுத்தினார். இராஜபாளையத்தில் கிருபாபாய் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்தின் மருத்துவர் அவர்.

"மாத்திரை விஷயத்துல தப்பு நடந்துச்சே சிஸ்டர். அனுப்புறதுக்கு முன்னாடி யாராவது சரி பாத்தாங்களா?"

கிருபாபாய் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு ஆளு கேட்டாங்க டாக்டர். ஒரு ஆளு போதாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ரெண்டு பேரு கேக்கணும். அதுல ஒருத்தர் வீட்டு ஆளா இருக்கக் கூடாது."

மண்டபம் சிரித்தது. வைகுண்டராஜ் கைதட்டினார். தவசிமுத்துவின் விரல் மைக் செட்டின் திருகில் இருந்தது. அது கூடியதா குறைந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கி வீலென்று கத்தி ஓய்ந்தது.

கூட்டம் முடிந்து இருவரும் தேர் நிற்கும் தெரு வழியாக நடந்தார்கள். அவள் வழியில் வெண்டைக்காய் விலை கேட்டாள், கூடுதல் என்று சொல்லி வாங்காமல் வந்தாள்.

"எப்பத் தெரியும்?" என்றார் தவசிமுத்து.

"அன்னைக்கே. பெட்டி எங்க இறங்குச்சுன்னு கேட்டேன். ஒங்க ஆபீஸ்லன்னாங்க."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா கவனிக்கலன்னு சொல்லுவீங்க. அந்தப் பொய்யையும் சேத்து வச்சுக்கிட்டு ஒங்களுக்கு நான் சோறு போடணும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

எதிரே வந்த சைக்கிளுக்கு ஒதுங்கி நின்றார். "பொறாமையா இருந்துச்சு கிருபா" என்றார். எத்தனையோ வருஷம் மைக்கில் பேசிய வாய்க்கு அந்த மூன்று சொல் வெளியே வர அவ்வளவு நேரம் பிடித்தது.

"இப்ப?"

"இப்பவும்தான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியபடி அவரோடு சேர்ந்தே நடந்தாள். அன்றிலிருந்து தன் பதிவுகளை அவள் டாக்டர் ஃபாயிஸாவுக்குத்தான் முதலில் அனுப்பினாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து, "டாக்டர், சரியா இருக்கா?" என்று அவள் கேட்பதைத் தவசிமுத்து தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி தன்னிடம் வந்த சாயங்காலம் அவருக்கு ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்தது.

ஐப்பசியில் டெங்கு தலைகாட்டியது. தவசிமுத்துவிடம் அறிவிப்பு கேட்டார்கள். எழுதினார். 'பீதி' என்ற சொல்லை எழுதி அடித்தார். "இது இன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த விவரம். மாறினால் நாங்களே வந்து சொல்கிறோம்" என்று ஒரு வரி சேர்த்தார். அது வேண்டாமே என்றார் வைகுண்டராஜ். இருக்கட்டும் சார் என்றார் தவசிமுத்து. ரொம்ப நேரம் பேசிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அதிகாரி விட்டுவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்து போனில் பதிந்தார். பிறகு அடுக்களை வாசலில் போய் நின்றார். கிருபாபாய் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள்.

"கிருபா, அனுப்புததுக்கு முன்ன ஒரு தடவ கேட்டுச் சொல்லுதியா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். முழுக்கக் கேட்டாள். மறுபடியும் ஓடவிட்டு இரண்டாம் தடவை கேட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரத்தம் எடுக்கது தெனமும்னா சொல்லியிருக்கீங்க? எங்க சென்டர்ல ஞாயித்துக்கிழம கெடையாது" என்றாள். "காய்ச்சலோட பிள்ளையத் தூக்கிட்டு வந்து பூட்டுன கதவப் பாத்துட்டுப் போவாங்க. மாத்திப் பேசுங்க. மத்தபடி நல்லா இருக்கு. கொரலும் நல்லா இருக்கு."

சொல்லிவிட்டுக் கருவாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒரு எண்ணம் அவளுக்கு வந்த மாதிரியே தெரியவில்லை. அது அவளுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று பார்த்தபோது தவசிமுத்துவுக்கு மறுபடியும் பொறாமையாகத்தான் இருந்தது. பேசாமல் அறைக்குள் போய், கதவைச் சாத்தாமல், ஞாயிற்றுக்கிழமையை விட்டு முதலிலிருந்து பேச ஆரம்பித்தார்.